லைட்சேபரும் மைக் செட்டும்: ஒரு உறுமலின் வரலாறு

பி.காம் படிக்கிறவனுக்கு சால்டரிங் அயர்ன் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். டேலிக்கும் காஸ்ட் அக்கவுண்டிங்குக்கும் அது எங்கேயும் தேவைப்படாது. ஆனால் செமஸ்டர் லீவில் வில்லியனூரில் உட்கார்ந்துகொண்டு ஸ்டார் வார்ஸ் படங்களை வரிசையாகப் பார்த்தால் வேறு என்ன ஆகும்? எனக்கு ஒரு லைட்சேபர் வேண்டும் என்று ஆகிவிட்டது.

தெரியாதவர்களுக்காக: லைட்சேபர் என்பது அந்தப் படங்களில் வரும் ஒளிவாள். கையில் பிடி மட்டும் இருக்கும். பட்டனை அழுத்தினால் வெளிச்சத்தால் ஆன கத்தி நீளும். சும்மா பிடித்திருந்தால் 'ம்ம்ம்ம்' என்று உறுமும், வீசினால் 'வ்வூம்' என்னும். நிஜத்தில் அப்படி ஒரு வாளைச் செய்ய முடியாது. பொழுதுபோக்குக்காகச் செய்பவர்கள் பாலிகார்பனேட் குழாய்க்குள் எல்.இ.டி வெளிச்சத்தை விட்டு, கைப்பிடிக்குள் பேட்டரி, போர்டு, ஸ்பீக்கர் எல்லாம் திணித்துச் செய்கிறார்கள். நான் செய்ததும் அதுதான். வாஷ் பேசினுக்கு அடியில் மாட்டுகிற ஸ்டீல் குழாய் கைப்பிடி ஆனது. உள்ளே ஒரு 18650 லித்தியம் செல், மூன்று 3 வாட் எல்.இ.டி, ஒரு ஆர்டுயினோ நானோ, டி.எஃப்.பிளேயர் மினி என்கிற சின்ன எம்.பி.3 போர்டு, 28 மில்லிமீட்டர் ஸ்பீக்கர் ஒன்று. அவ்வளவுதான்.

வெளிச்சம் முதல் நாளே வந்துவிட்டது. சத்தம்தான் படுத்தியது. முதலில் வரவே இல்லை. பிறகு வந்தது, ஆனால் உறுமலுக்கு அடியில் இன்னொரு உறுமல் கேட்டது. இதில் என்ன சிக்கல் என்றால், படத்தில் வருகிற சத்தமே ஒரு உறுமல்தான். ரேடியோ கரகரத்தால் கோளாறு என்று சொல்லிவிடலாம். உறுமுவதற்காகவே செய்த சாமான் உறுமினால் எது கோளாறு, எது சரி என்று எப்படிச் சொல்வது? மூன்று நாள் எனக்குப் புரியவில்லை. அதைத் தேடப் போய்த்தான் இந்த உறுமலின் பூர்வீகம் தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பூர்வீகமே ஒரு ஒயர் கோளாறுதான்.

1975-இல் ஜார்ஜ் லூகாஸின் ஸ்டார் வார்ஸ் படத்துக்குச் சத்தங்கள் சேகரிக்க ஒரு இளைஞரை வேலைக்கு எடுத்தார்கள். பெயர் பென் பர்ட். தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்துக்கொண்டிருந்தவர். படம் அப்போது எடுக்கப்படவே இல்லை. ரால்ஃப் மெக்குவாரி என்ற ஓவியர் வரைந்த சில படங்கள்தான் கையில் இருந்தன. அவற்றில் ஒளிவாளோடு சண்டை போடுகிற உருவங்களைப் பார்த்ததும் இதன் சத்தம் இப்படித்தான் இருக்கும் என்று தனக்குக் கேட்டுவிட்டது போல இருந்தது என்று பர்ட் பிற்பாடு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தப் படத்துக்காக அவர் முதலில் செய்த சத்தமும் இதுதான்.

அவர் படித்த இடத்தில் புரொஜெக்டர் ஓட்டும் வேலையும் பார்த்துவந்தார். அங்கே பழைய சிம்ப்ளெக்ஸ் புரொஜெக்டர்கள் இருந்தன. படம் ஓடாமல் மோட்டார் மட்டும் சும்மா இருக்கும்போது அது ஒரு ராகத்தில் முனகும். நம் ஊர் தியேட்டர்களில் ஃபிலிம் ஓடிய காலத்தில் ஆபரேட்டர் ரூம் கதவுப் பக்கம் நின்றவர்களுக்கு இது புரியும். அந்த முனகலைப் பதிவு செய்துகொண்டார். பாதி வேலை முடிந்தது. ஆனால் அதில் ஆபத்து இல்லை, ஒரு காரம் இல்லை என்று தோன்றியது. அப்புறம் ஒரு நாள் டேப் ரெக்கார்டரையும் மைக்கையும் தூக்கிக்கொண்டு அறையில் நடந்தபோது, மைக் ஒயர் டி.வி. பெட்டியின் பக்கமாகப் போனது. ரெக்கார்டரில் 'ஸ்ஸ்ர்ர்ர்' என்று ஒரு இரைச்சல் விழுந்தது. டி.வி.யில் சத்தம் எதுவும் வரவில்லை. மைக் ஒயரின் மேலுறை (ஷீல்டு) அறுந்திருந்தது. டி.வி.யின் படக்குழாயிலிருந்து வருகிற மின்சார அதிர்வை அந்த ஒயர் ஆன்டெனா மாதிரி பிடித்திருக்கிறது.

வேறு யாராக இருந்தாலும் ஒயரைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஒயர் எடுத்திருப்பார்கள். பர்ட் அந்த இரைச்சலைப் பதிவு செய்து புரொஜெக்டர் முனகலோடு கலந்தார். லைட்சேபர் பிறந்தது.

வீசுகிற சத்தம் வந்த விதம் இன்னும் அழகு. கலந்த உறுமலை ஒரு ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அதன் முன்னால் இன்னொரு மைக்கைக் கையில் பிடித்து வாள் மாதிரி வீசினார். மைக் ஸ்பீக்கரை நெருங்கும்போது சத்தம் கூடி சுருதி லேசாக ஏறும், விலகும்போது இறங்கும். பைபாஸில் ஹாரன் அடித்துக்கொண்டே போகிற பஸ் நம்மைத் தாண்டும்போது சுருதி மாறுமே, அதே டாப்ளர் சமாச்சாரம். கம்ப்யூட்டர் கிடையாது, ஒரு மென்பொருளும் கிடையாது. ஒரு ஆள், ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர். படம் 1977 மே 25 அன்று வெளியானது. அடுத்த வருடம் பர்ட்டுக்குச் சிறப்பு ஆஸ்கார் கொடுத்தார்கள். (அது வாளுக்கு என்று சிலர் எழுதுகிறார்கள், தவறு. வேற்றுக்கிரகவாசிகள், மிருகங்கள், ரோபோக்களின் குரல்களுக்காகக் கொடுத்தது.)

படப்பிடிப்பில் இந்தச் சத்தம் எதுவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதல் படத்தில் கதாநாயகன் லூக் வைத்திருக்கும் கைப்பிடி, பழைய கிராஃப்ளெக்ஸ் கேமராவின் ஃபிளாஷ் பிடி. செட் அலங்காரம் செய்த ரோஜர் கிறிஸ்டியன் அதை லண்டனில் ஒரு கேமரா கடையில் கண்டெடுத்தார். கத்திக்குப் பதிலாக, வெளிச்சம் பட்டால் திருப்பி அடிக்கும் டேப் ஒட்டிய குச்சியை மோட்டார் வைத்துச் சுற்றவிட்டார்கள். 1999-இல் வந்த படத்தில் இவான் மெக்ரிகர் சண்டை போடும்போது தன்னை அறியாமல் வாயாலேயே 'வ்வூம் வ்வூம்' என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். எம்.ஜி.ஆர். படம் பார்த்துவிட்டு வந்து தென்னமட்டையைச் சுழற்றிய நம் அப்பாக்கள் எல்லாரும் இதைத்தான் செய்தார்கள். ;-)

சரி, இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பர்ட் பிடித்துவைத்துக்கொண்ட அந்த உறுமலைத்தான் அவருக்கு முன்னால் நூறு வருஷம் எல்லாரும் துரத்திக்கொண்டிருந்தார்கள்.

தொலைபேசி வந்த புதிதில் ஒரே ஒயர்தான் இழுப்பார்கள். திரும்பி வரும் மின்சாரத்துக்குப் பூமியே இன்னொரு ஒயர். செலவு மிச்சம். ஆனால் பக்கத்தில் தந்தி ஒயர், விளக்கு ஒயர், டிராம் ஒயர் எது வந்தாலும் அதன் சத்தமெல்லாம் பேச்சோடு கலந்துவிடும். 1881-இல் அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் இதற்கு ஒரு காப்புரிமை வாங்கினார். இரண்டு ஒயர் போடு, இரண்டையும் ஒன்றோடு ஒன்று முறுக்கு. வெளியிலிருந்து வருகிற தொந்தரவு இரண்டு ஒயரிலும் சமமாக விழும், ஒன்றை ஒன்று அடித்துவிடும். இன்றைக்கும் நெட்வொர்க் கேபிளை வெட்டிப் பார்த்தால் உள்ளே ஜோடி ஜோடியாக முறுக்கித்தான் இருக்கிறது. 140 வருஷம் தாண்டியும் அதே வைத்தியம். மேலே உலோக வலையால் போர்த்தி அந்த வலையை எர்த்தில் சேர்ப்பது இன்னொரு வைத்தியம். பர்ட்டின் மைக்கில் அறுந்துபோயிருந்தது இந்தப் போர்வைதான்.

பிறகு பேசும் படம் வந்தது. இந்தியாவின் முதல் பேசும் படமான ஆலம் ஆரா 1931 மார்ச்சில் பம்பாயில் வெளியானது. ஸ்டுடியோ பக்கத்திலேயே ரயில் பாதை. பகலில் எதைப் பதிவு செய்தாலும் ரயில் நடிக்க வந்துவிடும். அதனால் பெரும்பாலும் நடு ராத்திரி, ரயில்கள் அடங்கிய பிறகு 1 மணியிலிருந்து 4 மணிக்குள் படம் பிடித்தார்கள். நடிகரின் உடைக்குள்ளும் செட் சாமான்களுக்குப் பின்னாலும் மைக்கை ஒளித்துவைத்தார்கள். அதே வருடம் அக்டோபர் 31 அன்று வெளியான காளிதாஸ், தமிழின் முதல் பேசும் படம் என்று நாம் படித்தது, அதே பம்பாய் கம்பெனி எடுத்ததுதான். நம் மாகாணத்தில் சத்தம் பிடிக்க அப்போது ஒரு ஸ்டுடியோ இல்லை.

அது வந்தது 1934-இல். ஏ. நாராயணன் சென்னையில் ஸ்ரீனிவாசா சினிடோன் ஸ்டுடியோவைத் தொடங்கி ஸ்ரீனிவாச கல்யாணம் படத்தை எடுத்தார். சென்னையிலேயே எடுத்த முதல் பேசும் படம். இதில் எனக்கு வியப்பாக இருந்தது வேறு. அங்கே ஒலிப்பதிவு செய்தவர் நாராயணனின் மனைவி மீனா நாராயணன். இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று இவரைச் சொல்கிறார்கள். 1934-இல், ஒரு தமிழ்ப் பெண், ஒலிப்பதிவுக் கருவி முன்னால்! பள்ளிக்கூடப் புத்தகத்தில் இவர் பெயரை நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு சூரிய வெளிச்சத்தில்தான் படம் பிடித்தாக வேண்டும், அதனால் மேலே கூரை போட முடியாது. கூரை இல்லாவிட்டால் காக்கா வரும். உருக்கமான காட்சியில் கதாநாயகி அழ ஆரம்பித்தால் மேலே 'கா கா'. காக்காய்களை விரட்டத் துப்பாக்கியோடு ஒரு ஆளையே வைத்திருந்தார்கள் என்று சினிமா வரலாற்றாசிரியர் ராண்டார் கை எழுதியிருக்கிறார். சிரிப்பாக இருந்தாலும் யோசித்துப் பாருங்கள், அன்றைக்குப் பிறகு சேர்க்கிற வேலை இல்லை. நடிக்கும்போதே பாட வேண்டும், பாடும்போதே பதிய வேண்டும். ஒரு காக்கா கத்தினால் ஃபிலிம் காசு போச்சு. ஏவி. மெய்யப்பன் 1938-இல் நந்தகுமார் படத்தில் ஒருவர் பாடி இன்னொருவர் வாயசைக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் பாட்டாவது காக்காயிடமிருந்து தப்பித்தது.

மீனா நாராயணனின் வேலையும் பென் பர்ட்டின் வேலையும் ஒன்றுதான், மைக்கில் விழுவதைக் காதால் பிரிப்பது. ஆனால் சத்தத்தைச் சேர்த்தவரின் வேலை காதில் விழும். நீக்கியவரின் வேலை காதில் விழாது. விழாமல் இருப்பதுதான் அந்த வேலையே. இது கொஞ்சம் அநியாயம் என்று எனக்குப் படுகிறது.

இந்த அநியாயத்தை நேரில் பார்த்தது எங்கள் சித்தப்பாவிடம்.

சித்தப்பா வில்லியனூர், பாகூர் சுற்றுவட்டார கிராமங்களில் இருபது வருஷத்துக்கு மேல் மைக் செட் போட்டவர். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், இழவு வீடு எல்லாம். ஒலிபெருக்கி உலகத்துக்கு அறிமுகமானது 1915-இல் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் சான் பிரான்சிஸ்கோவில் ஜென்சன், பிரிதாம் என்ற இருவர் தங்கள் மேக்னவாக்ஸ் குழாய் ஸ்பீக்கரை மாடியில் கட்டி சுமார் ஒரு லட்சம் பேருக்குப் பேச்சும் பாட்டும் கேட்க வைத்தார்கள். இந்தியாவில் காங்கிரஸ் மாநாடுகளுக்கு சிகாகோ ரேடியோ என்ற பம்பாய் கம்பெனி ஒலிபெருக்கி கட்டியது. பெயரில்தான் சிகாகோ, நடத்தியது நானிக் மோட்வானே. 1940-இல் ஆஹுஜா ஆரம்பித்தது. இன்றைக்கும் எந்த ஊர் மைக் செட்டுக்காரரிடம் போனாலும் அந்தப் பெயர் போட்ட ஆம்ப்ளி ஒன்றாவது இருக்கும்.

மைக் செட்டுக்காரருக்கு ஹம் என்பது நேராகக் காசு. கச்சேரி நடுவில் ஸ்பீக்கர் உறும ஆரம்பித்தால் பேசிய தொகையில் பாதிதான் கைக்கு வரும் என்பார் சித்தப்பா. "மேடைக்கு ஒரு எடத்துல இருந்து கரண்டு, ஆம்ப்ளிக்கு இன்னொரு எடத்துல இருந்து கரண்டு எடுத்தா போச்சுடா. ரெண்டு எர்த்தும் சண்ட போட்டுக்கும்." கிரவுண்ட் லூப் என்று புத்தகத்தில் இரண்டு பக்கம் விளக்குவதை இப்படி ஒரு வரியில் முடித்துவிட்டார். இரும்புக் கம்பியை ஈரமண்ணில் அடித்து, குடத்துத் தண்ணியில் உப்புக் கலந்து ஊற்றி எர்த் போட்டதெல்லாம் அவர் வாயால் கேட்க வேண்டும். அறுந்த ஷீல்டு ஒயரால் அமெரிக்காவில் ஒருவர் உலகப் புகழ் பெற்றார் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அதே ஒயருக்கு எனக்கு ஒரு பொண்ணு வீட்டுக்காரன் காசே குடுக்கல" என்றார்.

இனி என் வாளின் கோளாறுக்கு வருகிறேன்.

முதல் தப்பு என்னுடையது. சித்தப்பா ஆம்ப்ளியில் ஸ்பீக்கரின் ஒரு ஒயர் பாடியில் சேர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஞாபகத்தில் என் ஸ்பீக்கரின் மைனஸையும் ஸ்டீல் குழாயில் பேட்டரி மைனஸோடு சேர்த்துவிட்டேன். டி.எஃப்.பிளேயர் மாதிரி சின்ன போர்டுகளில் ஸ்பீக்கருக்குப் போகிற இரண்டு ஒயரையும் ஆம்ப்ளிஃபயர் ஓட்டுகிறது. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். குறைந்த வோல்டில் அதிக சத்தம் எடுக்கிற தந்திரம் இது, பிரிட்ஜ் என்பார்கள். அதில் ஒரு காலை எர்த்தில் கட்டினால் கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட். முதல் போர்டு சூடேறி செத்தது. ஸ்டீல் கைப்பிடி செய்கிறவர்கள் கவனிக்க: ஸ்பீக்கர் ஒயர் எதுவும் குழாயைத் தொடக்கூடாது. சால்டர் போட்ட இடத்தில் ஒரு துளி வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் போச்சு.

இரண்டாவது போர்டு உயிரோடு இருந்தது, சத்தம் வரவில்லை. மெமரி கார்டை எஃப்.ஏ.டி 32 ஆக ஃபார்மேட் செய்திருக்க வேண்டும். செய்ததும் வந்தது, ஆனால் ஆன் செய்கிற சத்தத்துக்குப் பதில் அணைக்கிற சத்தம்! சில கட்டளைகளுக்கு இந்த போர்டு கோப்பின் பெயரைப் பார்ப்பதில்லை, கார்டில் எந்த வரிசையில் காப்பி செய்தோமோ அந்த வரிசையில் எண்ணுகிறது. எல்லாவற்றையும் அழித்து ஒவ்வொன்றாகக் காப்பி செய்தேன். பிறகு இன்னொன்று: உறுமல் திரும்பத் திரும்ப ஓடும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் ஒரு விக்கல். எம்.பி.3 கோப்பில் ஆரம்பத்திலேயே கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கொள்ளும். வேவ் கோப்பாக மாற்றி, நீளத்தை ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆக்கினேன். விக்கல் போகவில்லை, அபூர்வமானது. பட்ஜெட்டுக்கு அவ்வளவுதான். காசு இருக்கிறவர்கள் இதற்கென்றே செய்த போர்டுகளை வாங்குகிறார்கள். பிரான்ஸின் பிளெக்டர் லேப்ஸ் செய்த கிரிஸ்டல் ஃபோகஸ், யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய புரோஃபிபோர்டு மாதிரியானவை. அவற்றில் வீச்சை உணரும் சென்சாரை வைத்து இரண்டு உறுமல்களை மாற்றி மாற்றிக் கலந்து, பர்ட் கையில் மைக்கை வீசிச் செய்ததைக் கணக்குப் போட்டுச் செய்கிறார்கள்.

இப்போது அந்த இரண்டாவது உறுமல். சித்தப்பாவிடம் கொண்டுபோனேன். வாளை வாங்கி வெளிச்சத்தைப் பார்க்கவே இல்லை, நேராகக் காதில் வைத்தார்.

"சார்ஜர் மாட்டியிருக்கியா?"

"இல்ல சித்தப்பா, பேட்டரிதான்."

"அப்ப இது கரண்டு ஹம் கெடையாது. அது அடித்தொண்டைல பேசும். இது மூக்கால பேசுது."

சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நம் ஊர் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று, அது ஆம்ப்ளிஃபயரில் நுழைந்தால் 50, 100 என்று அடிக்கட்டையில் கேட்கும். பேட்டரியில் ஓடுகிற சாமானில் அது வர வழியில்லை. பேட்டரியில் ஆம்ப்ளி ஓட்டிய காலத்தில் ஹம் தொல்லையே இல்லை என்று அவரும் சொன்னார். அப்படியென்றால் மூக்கால் பேசுகிற சத்தம் எது?

"உன் ஒறுமல நிறுத்து. ஒண்ணும் பாடாம சும்மா ஓட விடு."

இதுதான் எனக்குத் தோன்றாத விஷயம். கம்ப்யூட்டரில் ஒரு நிமிஷம் முழு மௌனமாக ஒரு கோப்பு செய்து கார்டில் போட்டேன். படத்தின் உறுமல் போய்விட்டது. மிச்சம் நின்றது முழுக்க என் ஒயருடையது. 'ஈஈஈ' என்று தெளிவாகக் கேட்டது. எல்.இ.டி ஒயரைக் கழற்றினேன், ஈஈஈ நின்றது. மாட்டினேன், வந்தது.

வாளின் வெளிச்சம் லேசாகத் துடிக்க வேண்டும் என்று எல்.இ.டி-யின் பிரகாசத்தைக் குறைத்து ஏற்றும்படி புரோகிராம் எழுதியிருந்தேன். ஆர்டுயினோ பிரகாசத்தைக் குறைப்பது எல்.இ.டி-யை வினாடிக்கு சுமார் 490 தடவை அணைத்து ஏற்றித்தான். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 490 என்பது காதுக்கு நன்றாகவே கேட்கிற சுருதி. எல்.இ.டி-க்கும் ஒலி போர்டுக்கும் மைனஸ் ஒயர் ஒன்றே. இடமில்லை என்று தலைமுடி மாதிரி 30 கேஜ் ஒயரை, 20 சென்டிமீட்டர் நீளத்துக்குப் போட்டிருந்தேன். அந்த ஒயருக்கு மீட்டருக்கு சுமார் 0.34 ஓம், 20 சென்டிமீட்டருக்கு 0.07. மூன்று எல்.இ.டி-யும் சேர்ந்து 2 ஆம்பியர் இழுத்தால் 0.14 வோல்ட். ஒவ்வொரு தடவை எல்.இ.டி எரியும்போதும் ஒலி போர்டின் 'தரை' 0.14 வோல்ட் துள்ளுகிறது, வினாடிக்கு 490 தடவை. எர்த் ரெண்டும் சண்டை போடுகிற கதைதான், கோயில் மைதானத்துக்குப் பதில் குழாய்க்குள்.

ஒலி போர்டுக்குத் தனியாக ஒரு மைனஸ் ஒயரை நேராக பேட்டரியிலிருந்தே கொண்டுவந்தேன். எல்.இ.டி-க்குத் தடித்த ஒயர், அதன் பிளஸையும் மைனஸையும் பெல் சொன்னபடி முறுக்கினேன். பேட்டரி முனையில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. முக்கால்வாசி ஈஈஈ போய்விட்டது. மிச்சம் இருந்த லேசான கரகரப்பு, ஆர்டுயினோவிலிருந்து ஒலி போர்டுக்குக் கட்டளை போகிற ஒயர் வழியாக வந்தது. அதில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போட்டதும் அதுவும் அடங்கியது. ஆன் செய்தவுடன் தானே அணைந்து மறுபடி ஆன் ஆகிற வியாதியும் இதோடு சேர்ந்து குணமானது. எல்.இ.டி திடீரென்று இழுக்கும்போது வோல்டேஜ் சரிந்து போர்டு மயக்கம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

ஸ்பீக்கர் பற்றி ஒரு வார்த்தை. வெளியே மேஜையில் வைத்தால் கொசு மாதிரி பாடும். ஸ்பீக்கரின் முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் ஒன்றை ஒன்று தின்றுவிடும். குழாயின் முனையில் ஓரம் இடைவெளி இல்லாமல் பொருத்தினால் அதே ஸ்பீக்கர் தொண்டை திறக்கும். நான் இதற்காக ஆம்ப்ளிஃபயரைக் குறைசொல்லி ஒரு நாளை வீணாக்கினேன்.

பர்ட் விஷயத்தில் டி.வி. படக்குழாய் செய்ததை என் விஷயத்தில் எல்.இ.டி செய்திருக்கிறது. ஏதோ ஒன்று வேகமாகத் துடிக்கிறது, பாதுகாப்பில்லாத ஒயர் அதைப் பிடித்துக்கொள்கிறது. இதை சித்தப்பாவிடம் சொன்னதும் மச்சில் போட்டுவைத்திருந்த ஒரு மைக்கை எடுத்துவந்தார். அந்தப் பொண்ணு வீட்டுக் கல்யாண மைக் அதுதானா என்று கேட்டேன், பதில் சொல்லவில்லை. ஒயரின் ஷீல்டு பாதியில் அறுந்திருந்தது. வீட்டில் பழைய குழாய் டி.வி. ஒன்று இன்னும் இருக்கிறது. அதை ஆன் செய்து, சேனல் எதுவும் வைக்காமல், சத்தத்தை அடைத்துவிட்டு, ஒயரை அதன் பின்பக்கமாகப் போட்டோம். ஆம்ப்ளியில் வந்தது பாருங்கள் அந்தச் சத்தம்! லாப்டாப்பில் பதிவு செய்து, புரொஜெக்டருக்குப் பதிலாகப் பழைய டேபிள் ஃபேனின் முனகலைக் கலந்தேன். பிறகு சித்தப்பா ஸ்பீக்கரை நடுக்கூடத்தில் வைத்தார், நான் வேறு மைக்கைப் பிடித்துக்கொண்டு சுழற்றினேன். சித்தி கதவோரம் நின்று எங்கள் இருவரையும் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

கேட்டால் படத்தில் வருவது போலத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு வித்தியாசம். அமெரிக்க டி.வி. வினாடிக்கு 60 தடவை திரையை வரையும், நம்முடையது 50 தடவை. அதனால் நம் இரைச்சலின் அடிச்சுருதி இறங்கியிருக்கிறது. 60-க்கும் 50-க்கும் உள்ள தூரம், சட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள தூரம். அந்தச் சத்தத்தைத்தான் இப்போது கார்டில் போட்டிருக்கிறேன். சித்தப்பா ஒரு தடவை காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் பேஸ் கொறைடா, ஸ்பீக்கர் கிழிஞ்சிடும்" என்றார்.